ஆட்டுக் குளம்பு வெட்டும்போது எங்கே நிறுத்துவது?

முதல் தடவை வெட்டும்போது இளஞ்சிவப்பு தெரிந்ததும் பயந்து பாதியிலேயே விட்டுவிட்டேன், ஓரம் இன்னும் மடங்கியே கிடக்கிறது, ஆடு வேறு உதைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நிறுத்தியது சரிதான். அந்த நிறம் வந்தால் ரத்தம் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். அன்றைக்கு அந்த இடத்தில் மறுபடி கத்தரி படக் கூடாது. ரொம்ப வளர்ந்துபோன குளம்பைச் சில வார இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரிக்குக் கொண்டுவர முடியும்.

மடங்கிய ஓரம் வேறு கதை. அது நம் நகம் மாதிரி உணர்ச்சியில்லாத பகுதி, வெட்டினால் வலிக்காது. முதலில் உள்ளே அடைந்த சேற்றையும் சாணத்தையும் கத்தரி முனையால் சுரண்டி எடுங்கள். அப்போதுதான் குளம்பின் சுவர், அதாவது சுற்றியுள்ள கெட்டியான வெளி ஓரம், எங்கே முடிகிறது, பாதம், அதாவது அதற்குள்ளே இருக்கிற அடிப்பகுதி, எங்கே தொடங்குகிறது என்று தெரியும். அப்புறம் சுவரைப் பாதத்தின் மட்டத்துக்கு வெட்டுங்கள். பாதத்தைச் சீவ வேண்டியிருந்தால் மெல்லிய சீவலாக மட்டும். முடி முடிகிற இடத்தில் ஒரு கோடு தெரியும் பாருங்கள், அடிப்பாகம் அதற்கு இணையாக வந்தால் போதும்.

உதைக்கிற ஆட்டுக்குப் பெரும்பாலும் காலை வெளிப்பக்கமாக இழுப்பதுதான் பிடிக்காது. உடம்போடு ஒட்டினாற்போல, தானாக மடங்கும் திசையிலேயே மடக்கிப் பிடியுங்கள். முன்னால் தீனி இருக்கட்டும். மழைக்குப் பிறகு வெட்டினால் குளம்பு ஊறி மெத்தென்று இருக்கும். காய்ந்த குளம்போடு மல்லுக்கட்டுவது வீண் வேலை.

ரத்தம் கசிந்தால் சோளமாவை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். விரல் இடுக்கில் அழுகல் நாற்றம் வந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கத்தரியைக் கிருமிநாசினியில் கழுவாமல் அடுத்த ஆட்டிடம் போகாதீர்கள்.