சீனி வருத்தத்துக்கு ஓட்ஸா, குறிஞ்சா இலையா? முதலில் சோற்றுக் கோப்பையைப் பாருங்கள்

அம்மாவுக்குப் புதிதாகச் சீனி வருத்தம் (நீரிழிவு) என்று கிளினிக்கில் சொல்லி மெட்போமின் குளிசை தந்திருக்கிறார்கள், வெளிநாட்டு மாமா ஓட்ஸும் சியா விதையும் கிரீன் டீயும் அனுப்புகிறார், பக்கத்து வீட்டு மாமி குறிஞ்சா இலைக் கசாயம் போதும் குளிசையை விடு என்கிறா, எதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

குளிசையை நிறுத்த வேண்டாம். ஓட்ஸ் வந்தால் சமைத்துச் சாப்பிடுங்கள், வராவிட்டால் கவலைப்படாதீர்கள். குறிஞ்சா இலையை வறையாகச் சாப்பிடட்டும், கசாயம் பற்றிக் கீழே சொல்கிறேன். நான் வைத்தியர் இல்லை, கிளிநொச்சிப் பக்கம் தோட்டம் செய்கிறவன். அப்பாவுக்கு இந்த வருத்தம் வந்து கனகாலம், அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கிளினிக் வாங்கிலில் இருந்து கேட்டதும், பிறகு தேடி வாசித்ததும், வீட்டில் செய்து பார்த்ததும்தான் இங்கே எழுதுவது.

எங்கள் ஆட்கள் அடிக்கடி சொல்வது, "அந்தக் காலத்தில் குத்தரிசிச் சோறும் குளத்து மீனும் சாப்பிட்டோம், ஒரு வருத்தமும் இல்லை" என்று. சாப்பாடு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அம்மம்மா அந்தக் குவியல் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அருவி வெட்டினா, சூடு மிதித்தா, காட்டுக்குப் போய் விறகு கட்டித் தலையில் தூக்கி வந்தா. இப்போது மெசின் வந்து வயலை ஒரு பகலில் அறுத்துவிட்டுப் போகிறது, விறகுக்குப் பதில் காஸ் அடுப்பு, சந்திக் கடைக்குக்கூட மோட்டார் சைக்கிள். சோற்றுக் குவியல் மட்டும் அதே உயரத்தில் நிற்கிறது. அதோடு கோதுமை மாவும் சேர்ந்துகொண்டது. இடம்பெயர்வுக் காலத்திலும் 2009க்குப் பிறகு முகாம்களிலும் நிவாரண மாவில் ரொட்டி தட்டியே பிள்ளைகள் வளர்ந்தார்கள், அந்தப் பழக்கம் வீடு திரும்பியபோது கூடவே வந்துவிட்டது என்பது என் கணிப்பு. காலையில் பாண், பத்து மணிக்கு பணிஸ், இரவில் ரொட்டி அல்லது கொத்து. இப்படியொரு நாளுக்கு நடுவில் ஒரு கப் கிரீன் டீ என்ன செய்துவிடும்?

அதனால் முதலில் கை வைக்க வேண்டியது கோப்பையில், அதாவது சோறு போடுகிற தட்டில். பாதிக் கோப்பை மரக்கறியும் இலைக்கறியும், கால்வாசி மீன் அல்லது முட்டை அல்லது பருப்பு பயறு, மிச்சக் கால்வாசிதான் சோறு. கேட்க இலகு, செய்யும்போது முதல் கிழமை அம்மா உங்களை முறைப்பா. சோற்றை ஒரேயடியாகக் குறைக்காமல், முதலில் வறையையும் மீனையும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றைத் தொடச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குப் பின் சீனி ஏறும் வேகமும் குறையும், வயிறும் பாதி நிறைந்துவிடும், சண்டையும் வராது. அரிசி சிவப்புக் குத்தரிசியாக இருந்தால் நல்லது, மொட்டைக்கறுப்பன் என்ற பழைய ஊர் நெல்லின் அரிசி கிடைத்தால் இன்னும் நல்லது. என்ன அரிசியானாலும் அளவு அளவுதான். மீனுக்கு விலை கூடிய மீன் தேடத் தேவையில்லை, முல்லைத்தீவுச் சூடை போதும், அதில் நல்ல கொழுப்பு இருக்கிறது. பொரிக்காமல் குழம்பு வையுங்கள். கருவாடு என்றால் உப்பைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புத்தான், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு நெத்தலிக் குழம்பே அதில் பாதியைத் தின்றுவிடும். கௌபியும் பயறும் நம் மண்ணிலேயே விளைகிறது. காலையில் பாணுக்குப் பதில் அவித்த கௌபி, கொஞ்சம் தேங்காய்ப்பூ. எங்கள் வீட்டில் அதிகம் பலன் தந்தது இந்த ஒரு மாற்றம்தான் என்று நினைக்கிறேன்.

குரக்கன் பற்றியும் கேட்பீர்கள். நல்ல தானியம், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது, வெள்ளை அரிசியில் அது பத்தைச் சுற்றித்தான். நார்ச்சத்தும் கூட. ஆனால் மாச்சத்து அரிசியை விடப் பெரிதாகக் குறைவில்லை, 100 கிராமில் ஏறக்குறைய 70 கிராம். குரக்கன் பிட்டுத்தானே என்று இரண்டு நீத்துப்பெட்டி இறக்கினால் சீனி ஏறத்தான் செய்யும். களியாகவோ கஞ்சியாகவோ செய்தால் இன்னும் வேகமாக ஏறலாம். பிட்டாக அளவோடு, மீன்குழம்போடு, பக்கத்தில் ஒரு வறையோடு. ஓட்ஸுக்கும் இதே கதைதான், அதில் நல்ல நார் இருக்கிறது, இனிப்புச் சேர்த்த பைக்கற்றை மட்டும் வாங்க வேண்டாம். சியா விதைக்குக் கொடுக்கிற காசுக்குக் கசகசா (நம் கடைகளில் அந்தப் பெயரில் விற்கிற திருநீற்றுப்பச்சை விதை) வாங்கி ஊறவைத்துக் குடிக்கலாம், அதுவும் அப்படித்தான் வழவழவென்று ஊதும்.

அடுத்தது பனங்கட்டியும் தேனும். இதில்தான் நம் ஆட்கள் விழுகிறார்கள். "சீனிதானே கூடாது, இது இயற்கை" என்று பிளேன்ரீயோடு பனங்கட்டியைக் கடிக்கிறார்கள், காட்டுத்தேனை வெறும் வயிற்றில் குடிக்கிறார்கள். தேனில் நூற்றுக்கு எண்பது பங்கு சீனி, பனங்கட்டியும் பெரும்பாலும் சீனிதான், இரத்தத்துக்கு அது பனையில் இருந்து வந்ததா கரும்பில் இருந்து வந்ததா என்று தெரியாது. (கைக்குழந்தைகளின் நாக்கில் தேன் தடவும் வழக்கமும் இருக்கிறது. ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தைக்கு ஆபத்து.) தேத்தண்ணீரை எண்ணிப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி சீனி 4, 5 கிராம் வரும், தோட்டத்தில் நிற்கிறவர் கோப்பிக்கும் தேத்தண்ணீருக்குமாக நாளைக்கு ஐந்து தரம் இரண்டு கரண்டி போட்டால் 50 கிராமை நெருங்கிவிடுகிறது. வருத்தம் இல்லாத பெரிய ஆளுக்கே அதுதான் நாள் முழுவதற்குமான உச்ச அளவு. கடைச் சோடாவில் 2016இலிருந்து சீனி அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போடுகிறார்கள். சிவப்பு வட்டம் இருந்தால் அம்மாவுக்கு வேண்டாம். பாலைப்பழக் காலத்தில் ஒரு கைப்பிடி சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் விளாம்பழத்தைப் பனங்கட்டி போட்டுப் பிசைவதை விடச் சொல்லுங்கள்.

இப்போது மாமியின் குறிஞ்சா. சிறுகுறிஞ்சா இலையை மென்றுவிட்டுச் சீனி போட்டுப் பாருங்கள், மணலை வாயில் போட்டது போல இருக்கும். அந்த இலையில் உள்ள சத்து நாக்கில் இனிப்பு உணர்வைக் கொஞ்ச நேரம் மறைத்துவிடுகிறது. இரத்தச் சீனியையும் ஓரளவு குறைக்கலாம் என்று சிறிய ஆய்வுகள் உண்டு, ஆனால் குளிசையின் இடத்தை அது பிடிக்கும் என்று காட்டவில்லை. கசாயமாகக் குடித்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்று அளக்கவும் முடியாது. குளிசையும் கசாயமும் சேர்ந்து சீனியை அளவுக்கு மீறி இறக்கினால் வியர்வை, கை நடுக்கம், மயக்கம் என்று போகும், இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். மாமி "இங்கிலீசு மருந்து" என்று சலித்தால் ஒன்று சொல்லுங்கள்: மெட்போமினின் பூர்வீகமும் ஐரோப்பாவில் வளரும் ஒரு செடிதான், அந்தச் செடியின் சத்தை ஆராயப் போய்த்தான் இந்த மருந்து வந்தது, பிரெஞ்சு வைத்தியர் ஜோன் ஸ்டேர்ன் 1957இல் நோயாளிகளுக்குக் கொடுத்த விபரத்தை வெளியிட்டார். எவ்வளவு கொடுத்தால் என்ன ஆகும் என்று அதற்குப் பிறகு அளந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைவிடப் பயம் காமரங்காய்ச் சாறும் விளிம்பிக்காய்ச் சாறும். சீனிக்கு நல்லது என்று வெறும் வயிற்றில் கிளாஸ் கிளாஸாகக் குடிக்கிறார்கள். இரண்டிலும் ஒக்சலேற் என்ற, சிறுநீரகத்தில் படிகமாகப் படிகிற பொருள் மிக அதிகம், சிறுநீரகம் திடீரென்று பழுதாகிப் போனவர்கள் இலங்கையிலேயே இருக்கிறார்கள். கட்டுப்படாத சீனி வருத்தம் சிறுநீரகத்திலும் கை வைக்கலாம், அதோடு வவுனியா மாவட்டத்தில் காரணம் சரியாகப் பிடிபடாத சிறுநீரக நோயும் இருக்கிறது. அம்மாவுக்குக் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற இரத்தப் பரிசோதனை) சிறுநீர்ப் பரிசோதனையும் செய்தார்களா என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் பச்சை இலைச்சாறுகள்கூட ஆகாமல் போகலாம், அதில் பொட்டாசியம் அதிகம்.

இலை வேண்டாம் என்று சொல்லவில்லை. கிணற்றடியில் தண்ணீர் ஓடுகிற இடத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் நட்டுவிடுங்கள், வேலியில் முருங்கை, முசுட்டை. தினம் ஒரு இலை, வறையாகவோ சம்பலாகவோ. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உடனே படுக்காமல் ஒழுங்கையில் ஒரு கால்மணி நேரம் நடக்கச் சொல்லுங்கள், சாப்பிட்ட பின் நடப்பது சீனியை நன்றாக இறக்கும். நடக்கும்போது செருப்போடு. வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சுடுமணலில் வெறுங்காலோடு நடக்கிற நேர்த்தி இருந்தால் அம்மனிடம் வேறு ஏதாவது பேசிக்கொள்ளட்டும். கால் விறைத்துப் போனவர்களுக்கு முள் குத்தினதும் தெரியாது, புண் வந்தது தெரியும்போது பிந்திவிடும். கந்தசஷ்டி விரதம் பிடிக்கிறவ என்றால் அதற்கு முன்பே வைத்தியரிடம் சொல்லுங்கள், குளிசை நேரத்தை மாற்ற வேண்டி வரலாம்.

அப்புறம், மாமாவிடம் ஓட்ஸ் செலவை நிறுத்தச் சொல்லி, அந்தக் காசுக்கு வீட்டில் சீனி பார்க்கிற சின்ன மெசினும் அதற்குரிய ஸ்ட்ரிப்பும் அனுப்பச் சொல்லுங்கள். ஸ்ட்ரிப் அந்த மெசினுக்கு உரியதுதானா, காலாவதித் திகதி எப்போது என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். எந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று அம்மாவே பார்த்துக் கொப்பியில் எழுதினா என்றால் உங்களோடும் மாமியோடும் வாதாடுகிற வேலையும் மிச்சம்.