குளத்து கேட் தானாக மூடுகிறதா?

கேள்வி: சிட்னியில் பென்டில் ஹில் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டை வாடகைக்கு விடப்போகிறோம். பின்பக்கம் நீச்சல் குளம் இருப்பதால் அதற்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும் என்கிறார் ஏஜென்ட். 2009இல் குளம் கட்டியபோதே கவுன்சிலிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், வேலியும் அப்படியேதான் நிற்கிறது. மறுபடி எதற்கு? குறை சொன்னால் உடனே அபராதமா?

பதில்: ஏஜென்ட் சொல்வது சரிதான். நியூ சவுத் வேல்ஸில் 2016 ஏப்ரல் 29 முதல் இதுதான் சட்டம். சான்றிதழுக்கு 3 வருடம்தான் ஆயுள், அதனால் 2009இல் பார்த்தது இன்றைக்குச் செல்லாது. வீட்டை விற்பதாக இருந்தால், 'குளம் விதிப்படி இல்லை' என்ற சான்றிதழை ஒப்பந்தத்தோடு இணைத்தும் விற்கலாம், வாங்குகிறவர் 90 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். வாடகைக்கு அந்தச் சலுகை கிடையாது, இருக்கவும் கூடாது. குடிவருகிறவர்களின் குழந்தை முதல் நாளே அந்தக் கொல்லையில் ஓடத் தொடங்கிவிடுமே.

'வேலி அப்படியேதான் நிற்கிறது' என்கிறீர்கள். வேலி நிற்கும், ஆனால் அதைச் சுற்றியிருப்பதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். செடிகளுக்கு வருடாவருடம் மண்ணும் மரத்தூளும் போட்டுப் போட்டு வெளிப்பக்கத் தரை உயர்ந்திருக்கும், 1.2 மீட்டர் இருக்க வேண்டிய வேலி குட்டையாகியிருக்கும். வேலியை ஒட்டிக் கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருப்பீர்கள், மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏறிக் குதிக்க அது ஒன்று போதும். வெளிப்பக்கம் வேலியிலிருந்து 90 செ.மீ. தூரத்துக்குள் தொட்டி, நாற்காலி, ஏசி பெட்டி, மரக்கிளை என்று கால் வைத்து ஏறக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. வேலிக்கு அடியிலோ கம்பிகளுக்கு நடுவிலோ 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் அதுவும் குறைதான்.

பெரும்பாலும் பிரச்சினை கேட்டில்தான். கீல் துருப்பிடித்திருக்கும், அல்லது தூண் லேசாகச் சாய்ந்து தாழ்ப்பாள் சரியாக விழாது. இன்றைக்கே போய்ப் பாருங்கள்: கேட்டைக் கையகலம் மட்டும் திறந்து விடுங்கள், அப்புறம் பாதி, அப்புறம் முழுசாக. ஒவ்வொரு முறையும் யாரும் தொடாமல் தானே மூடி, தானே தாழ் விழ வேண்டும். கேட் குளத்துக்கு எதிர்ப்பக்கமாக, வெளியே பார்த்துத்தான் திறக்க வேண்டும், தாழை விடுவிக்கும் பிடி பொதுவாகத் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பல கீல்களில் ஸ்க்ரூ டிரைவரால் இறுக்கிக்கொள்ளலாம், அரை மணி நேர வேலை. முதலுதவி விளக்கப் பலகை வெயிலில் வெளுத்துப் படிக்க முடியாமல் போயிருந்தால் புதிதாக மாட்டுங்கள்.

அபராதத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். தனியார் பரிசோதகரைக் கூப்பிட்டால், குறைகளை எழுத்தில் கொடுப்பார். பெரிய ஆபத்து இல்லையென்றால் சரிசெய்ய 6 வாரம் கிடைக்கும், அதற்குள் முடிக்காவிட்டால்தான் விஷயம் கவுன்சிலுக்குப் போகும். பெரிய ஆபத்து இருந்தால் உடனே கவுன்சிலுக்குச் சொல்லிவிடுவார், அது நியாயம்தானே. குளம் கட்டிய காலத்தைப் பொறுத்து எந்த விதி பொருந்தும் என்பது மாறும், ஆகவே 2009 என்பதைப் பரிசோதகரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாநிலப் பதிவேட்டில் குளம் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: பேரப் பிள்ளைகளுக்காகக் காற்றடிக்கும் பிளாஸ்டிக் குளம் வாங்கினோம். அதற்குமா வேலி?

பதில்: 30 செ.மீ.க்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடியது என்றால் அதற்கும் வேலி வேண்டும், பதிவும் வேண்டும். இன்றைக்கு எவ்வளவு ஊற்றினீர்கள் என்பது கணக்கில்லை, எவ்வளவு பிடிக்கும் என்பதுதான் கணக்கு. அதைவிட ஆழம் குறைந்ததாக வாங்குங்கள், விளையாடி முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள்.

கேள்வி: விருந்து நாளில் எல்லோரும் போய்வர வசதியாக, கேட்டுக்கு நாற்காலி முட்டுக் கொடுத்து வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. ஆள் கடக்கும் நேரம் தவிர கேட் மூடியே இருக்க வேண்டும் என்பது சட்டம். இருபது பெரியவர்கள் இருந்தால் 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று எல்லோரும் நினைத்துவிடுவார்கள், மூழ்குகிற குழந்தையோ பெரும்பாலும் சத்தமே போடாது. கண்காணிக்க ஒருவரைப் பெயர் சொல்லி நிறுத்துங்கள், கையில் போன் இல்லாமல், அரை மணிக்கொருமுறை ஆள் மாற்றி.