மாஸில் நொதி குறைந்தால் அது நோயா?

கேள்வி: எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கிறேன். கொடைக்கானல் பக்கம் ஓர் ஓடையில், ஊருக்கு மேலேயும் கீழேயும் பாறையில் படர்ந்த மாஸை (moss, பாசி போலப் படரும் சிறு பச்சைத் தாவரம்) எடுத்து பாஸ்பட்டேஸ் நொதி அளந்தேன். கீழே எடுத்ததில் பாதிதான் வருகிறது. சாக்கடை நீர் மாஸைக் கெடுத்துவிட்டது என்று எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம். விஷயம் பெரும்பாலும் நேர்மாறாக இருக்கும்.

மாஸுக்கு உண்மையான வேர் கிடையாது. இலையும் பெரும்பாலும் ஒரே செல் கனம்தான். உடம்பு முழுக்க நீரிலிருந்தே சத்தை எடுத்துக்கொள்கிறது. சுத்தமான மலை ஓடையில் கரைந்த பாஸ்பரஸில் பெரும்பகுதி கரிமச் சேர்மங்களில் கட்டுண்டு கிடக்கும். அதை வெட்டி பாஸ்பேட்டாக எடுக்கத்தான் மாஸ் தன் மேற்பரப்பில் இந்த நொதியை வைத்திருக்கிறது. சாக்கடை நீர் கலந்து பாஸ்பேட் தாராளமாகக் கிடைத்தால் அந்த வேலைக்கு அவசியமில்லை, நொதியும் குறையும். ஆக, நீங்கள் அளந்தது மாஸின் பசியை.

வடகிழக்கு இங்கிலாந்தின் ஸ்வேல்–ஊஸ் ஆற்றில் ஃபான்டினாலிஸ் போன்ற நீர் மாஸ்களை வைத்து 1990களில் இதையே பார்த்தார்கள். நீரில் பாஸ்பேட் கூடிய இடங்களில் நொதி குறைந்திருந்தது. மாஸுக்குள் நைட்ரஜன்–பாஸ்பரஸ் விகிதம் உயர்ந்த, அதாவது நைட்ரஜனோடு ஒப்பிட்டால் பாஸ்பரஸ் குறைந்த இடங்களில் நொதியும் உயர்ந்திருந்தது.

ஆனால் கன உலோகம் போன்ற நச்சும் நொதியை அடக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, இரு மாதிரிகளிலும் மாஸின் திசுவில் உள்ள பாஸ்பரஸை மாலிப்டினம் நீல முறையில் (பாஸ்பேட்டை நீல நிறமாக்கி அளக்கும் முறை) பாருங்கள். கீழ் மாதிரியில் பாஸ்பரஸ் கூடியிருந்தால் 'பசி தீர்ந்தது' என்ற விளக்கம் வலுப்படும். கூடாமல் நொதி மட்டும் சரிந்திருந்தால் நச்சைச் சந்தேகியுங்கள்.

அதற்கு முன் உங்கள் அளவீட்டையே ஒருமுறை சோதியுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே இனம்தானா? நுனியில் ஒரே நீளம்தான் வெட்டினீர்களா? அடித்தண்டு பழசு, அது சேர்ந்தால் கணக்கு மாறிவிடும். பாரா-நைட்ரோபீனைல் பாஸ்பேட் (நொதி வெட்டினால் நிறம் தரும் வேதிப்பொருள்) பயன்படுத்தியிருந்தால், சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்ததும் வரும் மஞ்சளைத்தான் 405 நானோமீட்டரில் படித்திருப்பீர்கள். மாஸிலிருந்து கசியும் பழுப்பும் அங்கே சேர்ந்துகொள்ளும். அதனால் மாஸ் மட்டும் போட்டு, அந்த வேதிப்பொருள் இல்லாத ஒரு குழாய் கட்டாயம் வேண்டும். (மாணவர்கள் முதலில் மறப்பது இதைத்தான்.) மதிப்பை உலர் எடைக்குக் கணக்கிடுங்கள். இரண்டு மாதிரிகளையும் ஒரே வெப்பநிலையிலும் ஒரே பிஎச்சிலும் வைத்து, அந்த எண்களையும் அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள்.

இதே ஓடையில் நைட்ரேட் ரிடக்டேஸும் (நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும் நொதி) அளக்க நினைத்தால் ஒன்று: அது நைட்ரேட் கிடைத்தால் ஏறும் நொதி. பாஸ்பட்டேஸைப் படித்த கண்ணோடு அதைப் படித்தால் முடிவு தலைகீழாகிவிடும்.