தொட்டில் அப்புறம் வாங்கலாம் தம்பி, முதல்ல அந்தத் தலைவலிக்கு பிபி பாருங்க

கேள்வி: எனக்கு 29 வயசு, ஒரகடத்துல கம்பெனி வேலை, ஷிப்ட். மனைவிக்கு இப்போ 33 வாரம், முதல் குழந்தை. வளைகாப்பு முடிஞ்சு அறந்தாங்கி பக்கம் அவங்க அம்மா வீட்ல இருக்காங்க. ஸ்கேன்ல கழுத்துல கொடி ஒரு சுத்து இருக்குன்னு போட்டிருக்கு, அதை நெட்ல பார்த்ததுல இருந்து தூக்கமே இல்ல. தொப்புள்கொடி ரத்தத்தை சேமிச்சு வைக்க பணம் கட்டணுமா? தொட்டில், டயபர், குங்குமப்பூ எல்லாம் எது நல்லது? மூணு நாளா அவளுக்கு தலைவலி, கால் வீக்கம், மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் கொடுத்தாங்க, இப்போ பரவால்லன்னு சொல்றா. லீவு எப்போ போடறதுன்னு தெரியல. நான் இல்லாத நேரத்துல ஏதாவது ஆயிட்டா என்ன பண்றது டாக்டர்? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, மீதியைப் படிக்கறதுக்கு முன்னாடி போனை எடுத்து மாமனார் வீட்டுக்கு கூப்பிடுங்க. இன்னைக்கே, நாளைக்கு காலையில இல்ல, இன்னைக்கே அந்தப் பொண்ணை பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போய் பிபி பார்க்கணும், யூரின்ல புரோட்டீன் போகுதான்னு பார்க்கணும். இது ஞாயித்துக்கிழமை வெளியாகற வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னுதான் உங்களுக்கு முதல்லயே மெயில்ல அனுப்பிட்டேன். இதே மாதிரி கேள்வியை மனசுல வச்சுக்கிட்டு கேக்காம இருக்கற மத்தவங்களுக்காகத்தான் இங்கயும் போடறேன்.

கொடி சுத்து, டயபர்னு அத்தனை வரி எழுதிட்டு அந்தத் தலைவலியை நடுவுல ஒரே வரியில தாண்டிப் போயிருக்கீங்க. நீங்க கேட்டதுல எனக்கு பயம் வந்த இடம் அது ஒண்ணுதான்.

20 வாரத்துக்கு மேல கர்ப்பிணிக்கு புதுசா தலைவலி வந்து விடாம இருந்தா, அது வேற எதுவா வேணா இருந்துட்டு போகட்டும், பிபி பார்க்கற வரைக்கும் அதை சாதாரண தலைவலின்னு சொல்ற உரிமை யாருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. கர்ப்பகால ரத்த அழுத்தம், டாக்டருங்க பிரீ எக்லாம்ப்சியான்னு சொல்லுவோம், அது முதல் பிரசவத்துலதான் அதிகமா வரும். நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்கள் ஆரம்பத்துலயே சரியா விரியாம போனதால தொடங்கற பிரச்சனை இது, கடைசி மாசங்கள்லதான் வெளிய தெரியும், அப்போ அம்மாவோட உடம்பு பூரா ரத்தக்குழாய் இறுகி பிபி ஏறும், கிட்னி புரோட்டீனை ஒழுக விடும், ஈரல் பாதிக்கும், மூளை வீங்கினா ஜன்னி, அதாவது வலிப்பு, வரும். இதுல கொடுமை என்னன்னா பிபி 150க்கு போனாலும் பல பேருக்கு ஒண்ணுமே தெரியாது, நல்லா சாப்பிடுவாங்க, சீரியல் பார்ப்பாங்க. லேபர் வார்டுல ஜன்னியோட வர்ற பொண்ணோட குடும்பம் எல்லாம் சொல்ற முதல் வார்த்தை "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தா டாக்டர்", அப்புறம் உக்கார வச்சு பொறுமையா கேட்டா ரெண்டு மூணு நாள் தலைவலி மெதுவா வெளிய வரும்.

போன்ல அவங்ககிட்ட நீங்க கேக்க வேண்டியதை சொல்றேன். "எப்படி இருக்க"ன்னு கேக்காதீங்க, "நல்லா இருக்கேன்"னுதான் பதில் வரும். கண்ணு மங்கலா தெரியுதா, கண்ணு முன்னாடி பூச்சி பறக்கற மாதிரியோ மின்னற மாதிரியோ இருக்கா, நெஞ்சுக்குழிக்கு கீழயோ வலது பக்க விலாவுக்கு கீழயோ வலிக்குதா, வாந்தி இருக்கா, காலையில எந்திரிக்கும்போதே முகமும் கையும் உப்பியிருக்கா, மோதிரம் கழட்ட முடியாம இறுகியிருக்கா, குழந்தை நேத்து மாதிரி நல்லா அசையுதான்னு ஒவ்வொண்ணா கேளுங்க. இந்தத் தொந்தரவுல ஒண்ணுக்கு ஆமான்னு வந்தாலோ, அசைவு குறைஞ்சிருக்குன்னு சொன்னாலோ கிளினிக் எல்லாம் வேண்டாம், நேரா பெரிய ஆஸ்பத்திரி, இப்பவே. சாயங்காலம் ஆனா கால் மட்டும் வீங்கி ராத்திரி தூங்கி எந்திரிச்சா வத்தற வீக்கம் பாதிப் பேருக்கு மேல வர்றதுதான், அதைப் பத்தி நான் கவலைப்பட மாட்டேன், முகம் வீங்கினா கவலைப்படுவேன்.

அந்த மாத்திரை விஷயத்துக்கு வர்றேன். மெடிக்கல்ல கொடுத்த மாத்திரை பேர் என்னன்னு உங்களுக்கும் தெரியல, அநேகமா அவங்களுக்கும் தெரியாது, ஒரு சின்ன கவர்ல ரெண்டு கலர்ல போட்டு கொடுத்திருப்பாங்க. பாராசிட்டமால் மட்டும்னா பரவால்ல. டைக்ளோபினாக், இபுபுரூபன் வகையறா இருந்தா ஏழு மாசத்துக்கு மேல அது கூடவே கூடாது, வயித்துக்குள்ள குழந்தையோட இதயத்துக்கு பக்கத்துல திறந்தே இருக்க வேண்டிய ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கலாம், தண்ணிக்குடத்துல தண்ணியும் குறையலாம். மிச்சம் இருக்கற மாத்திரையை தூக்கிப் போட வேண்டாம், கையோட எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க. மாத்திரை எதுவா இருந்தாலும் அது தலைவலியைத்தான் அமுக்கும், பிபி உள்ள ஏறிக்கிட்டேதான் இருக்கும், அதனால "மாத்திரை போட்டேன் பரவால்ல"ங்கற பேச்சே எனக்கு பிடிக்காது. கர்ப்பிணி வந்து தலைவலின்னு சொன்னா பிபி பார்த்தீங்களான்னு ஒரு வார்த்தை கேக்காம மாத்திரையை கொடுத்து அனுப்பற கடைக்காரரை என்ன சொல்றது.

வீட்ல இந்நேரம் பார்லி தண்ணியும் நீர்முள்ளி கஷாயமும் ஓடிக்கிட்டு இருக்கும், எனக்குத் தெரியும். வீக்கம் வத்தும்னு கொடுப்பாங்க. பார்லி தண்ணி குடிச்சா குடிக்கட்டும், ஆனா அதுக்காக ஆஸ்பத்திரி போறதை ஒரு நாள் தள்ளிப் போட்டா அங்கதான் வினையே. கஷாயம் பேரு தெரியாம போட்டதெல்லாம் வேண்டாம். உப்பைக் குறைச்சாலும் இந்த பிபி குறையாது, நீர் பிரியற மாத்திரை சொந்தமா வாங்கிப் போட்டா நிலைமை இன்னும் மோசமாகும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். மேல 140 இல்லனா கீழ 90, ரெண்டுல எது தொட்டாலும் கொஞ்ச நேரம் உக்கார வச்சு திரும்பப் பார்க்கணும், அப்பவும் அப்படியே இருந்தா அதே நாள் மகப்பேறு டாக்டர் பார்க்கணும். 160 இல்லனா 110 தொட்டா அது எமர்ஜென்சி, 108. பிபி நார்மல்னு வந்து, ஆனா தலைவலி விடல, கண்ணு மங்குதுன்னா அப்பவும் டாக்டர் பார்க்காம திரும்பி வரக்கூடாது. பிபி ஜாஸ்தின்னு வந்தா உடனே ஆபரேஷன்னு அலறாதீங்க, பல பேருக்கு மாத்திரை கொடுத்து, ரத்தம் யூரின் டெஸ்ட் பார்த்து, குழந்தை வளர்ச்சி பார்த்துக்கிட்டே 37 வாரம் வரைக்கும் கொண்டு போவோம். முழுசா சரியாகறது குழந்தையும் நஞ்சும் வெளிய வந்த பிறகுதான், அதனால ரொம்ப கூடிப்போனா முன்னாடியே எடுக்க வேண்டியும் வரலாம். 33 வாரத்துல இருக்கறதால குழந்தையோட நுரையீரல் பக்குவமாக அம்மாவுக்கு ஊசி போடறதுக்கு நேரம் இருக்கு, ஆனா அந்த ஊசி வேலை செய்ய ஒரு நாளாவது வேணும், அதுக்காகத்தான் இன்னைக்கே போகச் சொல்றேன்.

நீங்க தொட்டிலுக்கு வச்சிருக்கற காசுல ஒரு பிபி மெஷின் வாங்கி கொரியர்ல அனுப்புங்க. மேல் கையில பட்டி சுத்தற மெஷின், மணிக்கட்டுல கட்டறது வேண்டாம், போன்ல விரலை வச்சு பிபி பார்க்கற ஆப்பை தயவுசெஞ்சு டெலீட் பண்ணுங்க. அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்காந்து, பேசாம, கையை நெஞ்சு உயரத்துக்கு வச்சு பார்க்கணும். ஒரு நோட்ல தேதி போட்டு எழுதச் சொல்லுங்க. மெஷின் வரட்டும்னு இன்னைக்கு ஆஸ்பத்திரியை தள்ளிப் போட்டுடாதீங்க, அதையும் சொல்லி வைக்கணும், ஏன்னா அப்படியும் பண்ணுவாங்க.

சரி, நான் இல்லாத நேரத்துல ஏதாவது ஆயிட்டான்னு கேட்டீங்களே. உண்மையை சொல்லணும்னா நீங்க பக்கத்துல இருந்தாலும் ஜன்னியை கையால பிடிச்சு நிறுத்த முடியாது. ஒரகடத்துல இருந்து அறந்தாங்கிக்கு ஒரு ராத்திரி பஸ், நீங்க வந்து சேர்றதுக்குள்ள நடக்க வேண்டியது எல்லாம் நடந்திருக்கும். ஆனா தூரத்துல இருந்துகிட்டே நீங்க ஒரு பெரிய ஆபத்தை உண்டாக்க முடியும், அதை நிறைய மாப்பிள்ளைங்க தெரியாமலே பண்றாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு பொண்ணுக்கு ஒரு மாதிரி இருக்குன்னு தெரிஞ்சும் "மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு கிளம்பலாம், நாளைக்கு அவர் ஏதாவது சொல்லிட்டா"ன்னு மாமனார் போனை வச்சுக்கிட்டு நிப்பார், நீங்க ஷிப்ட்ல இருப்பீங்க, போன் லாக்கர்ல இருக்கும். இப்படி உக்காந்து போன ஒரு மணி நேரத்தை எந்த ஊசியாலயும் எங்களால திருப்பி வாங்க முடியாது.

அதனால இன்னைக்கு கூப்பிடும்போதே மாமா, அத்தை, மச்சான்னு யாரெல்லாம் இருக்காங்களோ ஸ்பீக்கர்ல போடச் சொல்லி வாயால சொல்லிடுங்க, "என்கிட்ட கேக்காதீங்க, முதல்ல கூட்டிட்டுப் போங்க, எந்த ஆஸ்பத்திரின்னாலும் சரி, ஆபரேஷன்னாலும் சரி, எனக்கு அப்புறம் சொன்னா போதும்". கையெழுத்து உங்க மனைவியே போடலாம், அவங்க மேஜர், அவங்க உடம்பு, புருஷன் வந்தாதான் ஆபரேஷன்னு ஒரு சட்டமும் இல்ல. அப்புறம் எந்த ஆஸ்பத்திரின்னு இப்பவே முடிவு பண்ணணும், ரத்தம் கையிருப்பும் மயக்க டாக்டரும் குறைமாச குழந்தையைப் பார்க்கற வசதியும் ராத்திரியில இருக்கற இடமா இருக்கணும். உங்க பக்கத்துக்கு புதுக்கோட்டை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, தஞ்சாவூர்ல ராஜா மிராசுதார் அரசு ஆஸ்பத்திரி இருக்கு, ஏசி ரூம் இருக்கற நர்சிங்ஹோம்ல டிவி இருக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு மயக்க டாக்டர் இருப்பாரான்னு கேட்டுட்டு சேருங்க. 108 ஃப்ரீ, அது வர லேட்டாகும்னு தோணினா யார் கார், டிரைவர் நம்பர் என்னன்னு சுவத்துல எழுதி ஒட்டச் சொல்லுங்க. தாய் சேய் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் எல்லாம் ஒரே பையில இருக்கட்டும். கிராம சுகாதார செவிலியர் நம்பர் வாங்கி உங்க போன்லயும் வச்சுக்கோங்க, அவங்க வீட்டுக்கே வந்து பிபி பார்ப்பாங்க.

ஒருவேளை ஜன்னி வந்துட்டா, இடது பக்கமா ஒருக்களிச்சு படுக்க வச்சு 108 கூப்பிடணும், வாயில ஸ்பூன் துணி எதுவும் வைக்கக்கூடாது, கையில சாவிக்கொத்தும் இரும்பும் கொடுத்து நேரம் போக்கக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஜன்னியை அடக்கற மெக்னீசியம் சல்பேட் ஊசியோட முதல் டோஸ் போட்டு அனுப்பலாம், அதைக் கேட்டு வாங்குங்க.

இன்னொண்ணு, பொறந்துடுச்சு, தாயும் சேயும் நலம்னு ஸ்டேட்டஸ் போட்டதும் இது முடிஞ்சுடாது. பிரசவம் ஆன பிறகும் பிபி ஏறும், முதல் வாரம் ரொம்ப கவனம் வேணும், ஆறு வாரம் வரைக்கும் கூட வரலாம். அப்போ தலைவலின்னு சொன்னா "பச்ச உடம்பு, காத்து பட்டுடுச்சு"ன்னு காதுல பஞ்சு வச்சு விட்டுடுவாங்க, இல்லனா முதுகுல ஊசி போட்டதால வலின்னு சொல்லுவாங்க. இருக்கலாம், ஆனா பிபி பார்த்துட்டு சொல்லட்டும். உங்க லீவை இதுக்குத்தான் வச்சுக்கச் சொல்றேன், பிரசவ வலி வர்றதுக்கு முன்னாடி வந்து வாசல்ல உலாத்தறதை விட குழந்தை பிறந்த அன்னைக்கு கிளம்பி வந்து அடுத்த பத்து நாள் கூட இருங்க, ராத்திரி குழந்தையை வாங்கி வச்சுக்கோங்க, அவங்க தூங்கட்டும், பிபியை நீங்களே பாருங்க. டாக்டர் ஏற்கனவே ஒரு தேதி சொல்லி எடுக்கப் போறாங்கன்னா மட்டும் முந்தின நாளே வாங்க.

கழுத்துல கொடி: பிறக்கற குழந்தைங்கள்ல நாலஞ்சு பேர்ல ஒருத்தருக்கு இருக்கறதுதான், சுத்தும், தானா அவுரும், திரும்ப சுத்தும். குழந்தை இன்னும் மூக்கால மூச்சு விடல, அதனால கழுத்தை நெரிக்கும்ங்கறது நீங்க கற்பனை பண்றது. தலை வெளிய வந்ததும் நாங்க எடுத்து விடுவோம், நார்மல் டெலிவரிக்கு அது தடையில்ல. நெட்ல அதைப் பத்தி பார்த்த நேரத்துல தூங்கியிருக்கலாம்.

தொப்புள்கொடி ரத்த வங்கிக்கு பணம் கட்ட வேண்டாம். தனியார் வங்கியில சேமிக்கறதை மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆரே சிபாரிசு பண்ணல, ஸ்கேன் சென்டர் வாசல்ல பயமுறுத்தி விக்கறவங்க சொல்றதை நம்பாதீங்க. குங்குமப்பூவால கலர் வராது, உங்க ரெண்டு பேர் கலர்தான் வரும். டயபர் எந்த பிராண்டா இருந்தாலும் ஈரமானா மாத்தணும், அவ்ளோதான், முதல் மாசத்துக்கு பழைய காட்டன் வேட்டி கிழிச்சு வச்சா அதைவிட நல்லது. தொட்டிலுக்கு அத்தையோட பழைய சேலை போதும். சேனை வைக்கறேன்னு சர்க்கரைத் தண்ணி, தேன், கழுதைப்பால் எதுவும் நாக்குல தடவ விடாதீங்க, சிசேரியனா இருந்தாலும் முடிஞ்சவரை ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால்.

இன்னைக்கு பார்த்த பிபி எவ்வளவு, யூரின்ல என்ன வந்துச்சுன்னு எனக்கு போட்டோ எடுத்து அனுப்பிட்டு என் பதிலுக்காக உக்காந்திருக்காதீங்க, நான் மெயிலை ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதான் பார்ப்பேன். அங்க பார்க்கற டாக்டர் அட்மிட் ஆகச் சொன்னா ஆகட்டும், வேற எங்கயும் ரெண்டாவது கருத்து கேக்க ஓட வேண்டாம்.