துளை போடுவது பற்றிக் கேட்டீர்கள்

படகுத் திருத்தத்திலும் கடைசல் பட்டறையிலும் பாதி வாழ்க்கையைக் கழித்தவன் என்பதால், துளை போடுவதில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் பாதி, உடைத்த பிறகு கேட்ட கேள்விகள்!

அண்ணை, பைபர் படகின் விளிம்பில் கயிறு கட்டும் வளையம் பூட்டத் துளைத்தேன். மேற்பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்துவிட்டது. (குருநகர்)

தம்பி, அந்த மினுங்கும் மேற்பூச்சுக்குள் கண்ணாடியிழை கிடையாது. வெறும் பிசின்தான், அரை மில்லிமீற்றர் அளவுத் தடிப்பு. கூரான பிட் (ட்ரில்லில் பூட்டும் துளைக்கும் அலகு) கடித்த உடனே பெயரும். துளைக்கும் இடத்தில் காகித ரேப் ஒட்டுங்கள். முதலில் ட்ரில்லை எதிர்த்திசையில் சுற்றவிடுங்கள். அப்போது பிட் கடிக்காது, சுரண்டும். பூச்சு முடிந்து இழை தெரிந்ததும் நேராகச் சுற்றி இறக்குங்கள். மறுபக்கத்தில் ஒரு பலகைத் துண்டை அழுத்திப் பிடிக்க ஆள் வேண்டும். இல்லாவிட்டால் பிட் வெளியேறும்போது அந்தப் பக்கம் பிய்யும். ஸ்குரூ பூட்டுவதாக இருந்தால், துளையின் வாயைச் சற்று அகலமாகச் சரித்துவிடுங்கள். புரி பூச்சை நெருக்கினால் சிலந்தி வலைபோல வெடிப்பு ஓடும்.

இயந்திரம் பூட்டும் பின்பலகைக்குள் பெரும்பாலும் ஒட்டுப்பலகை இருக்கும். அங்கே தேவையைவிடப் பெரிய துளை போட்டு, எபொக்சிப் பிசினால் நிரப்பி, இறுகிய பிறகு சரியான அளவில் மீண்டும் துளையுங்கள். தண்ணீர் புகுந்தால் பலகை உள்ளே உக்கிப்போவது வெளியே தெரியாது. மூக்கை மூடுங்கள். சாரத்தோடு நின்று பைபர் துளைத்தவனுக்கு அன்றிரவு அரிப்பில் தூக்கம் இல்லை, நான் கண்டது.

ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கியில் இன்னொரு குழாய் இறக்க வேண்டும். இரும்புக் குழாயைச் சூடாக்கிக் குத்தலாம் என்கிறார்கள். (கொக்குவில்)

வேண்டாம், அக்கா. உருகிய விளிம்பு வீங்கி நிற்கும், ரப்பர் வாஷர் படியாது, ஒழுகும். சிலிக்கோன் பூசினாலும் பயன் இல்லை. அந்தப் பிளாஸ்டிக்கில் அது ஒட்டாது. ட்ரில்லில் வட்டத் துளை அறுக்கும் கிண்ண வடிவ வாளைப் பூட்டி, வளைவும் வரம்பும் இல்லாத தட்டையான இடத்தில் மெதுவாக அறுக்கச் சொல்லுங்கள். சுருள் விழ வேண்டும். உருகி ஒட்டினால் வேகம் அதிகம். உள்ளே விழுந்த சுருளைப் பொறுக்காமல் விட்டால் நாளைக்குக் குழாயை அடைக்கும்.

கடைப் பெயர்ப்பலகைக்கு வாங்கிய அக்ரிலிக் தகடு, துளை முடியும் நேரத்தில் வெடித்தது. (சுன்னாகம்)

எல்லோருக்கும் அந்தக் கடைசி நொடியில்தான் வெடிக்கும். இரும்புக்குத் தீட்டிய பிட், அடியை எட்டியதும் தகட்டைத் திருகி இழுத்துவிடும். பிட்டின் வெட்டும் விளிம்பைக் கல்லில் இலேசாகத் தட்டையாக்குங்கள். பிறகு அது சீவும், இழுக்காது. அடியில் மரம் வைத்து இறுக்குங்கள். தின்னர், பெற்றோல், ஸ்பிரிட் எதனாலும் துடைக்காதீர்கள், மயிர்வெடிப்பு வரும். ஸ்குரூவைவிடத் துளை பெரிதாக இருக்கட்டும்: ஒரு மீற்றர் அக்ரிலிக் தகடு 20 பாகை சூடேறினால் ஒன்றரை மில்லிமீற்றர் வரை நீளும். நம்மூர் வெயிலில் அது ஒன்றும் பெரிய சூடல்ல.

எவர்சில்வர் கைப்பிடிக் கம்பியில் புது பிட்டும் இறங்கவில்லை. கீச்சென்று சத்தம்தான் வருகிறது. (பருத்தித்துறை)

வேகமாகச் சுற்றி, அழுத்தாமல் உரசியிருக்கிறீர்கள். எவர்சில்வர் உரசினால் இன்னும் கடினமாகும் உலோகம். பஞ்ச் அடித்துக் குழி வையுங்கள், கோபால்ட் கலந்த உருக்குப் பிட் எடுங்கள், எண்ணெய் விடுங்கள். 10 மில்லிமீற்றர் பிட்டை சாதாரண இரும்பில் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓட்டினால், இதில் அதன் பாதிக்கும் கீழே ஓட்டுங்கள். அழுத்தத்தை விடாதீர்கள். அலுமினியம் வேறு கதை: வேகமாகவே ஓட்டலாம், சில துளி மண்ணெண்ணெய் போதும்.

மெல்லிய தகரத்தில் துளை முக்கோணமாக வருகிறது.

இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கித் துளையுங்கள். படிபடியாக அகலும் கூம்பு பிட் இருந்தால் இன்னும் நல்லது.

கையுறை போடலாமா?

கூடாது. சுற்றும் பிட் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்துத்தான் இழுக்கும். கண்ணாடி போடுங்கள்.

அப்பாவின் கையால் சுற்றும் ட்ரில் ஒன்று கிடக்கிறது. பழைய இரும்புக்குக் கொடுத்துவிடவா? (காரைநகர்)

தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. அக்ரிலிக்குக்கு அதன் நிதானம் எந்த மின் ட்ரில்லுக்கும் வராது. பற்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு வையுங்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் எனக்குச் சொல்லுங்கள்.