வக்கீல் என்று சொல்லி வீட்டைக் காலி செய்யச் சொன்னால்: வாடகைதாரர் கேள்வி பதில்

தாம்பரம் வாசகி: வீட்டுக்காரரின் வக்கீல் என்று ஒருவர் வந்து, ஏழு நாளில் காலி செய்யாவிட்டால் சாமான்களை வெளியே வைப்பேன் என்கிறார். அவர் வக்கீலே இல்லை என்கிறார்கள். என்ன செய்வது?

அவர் தந்த நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். மேலே தராசுப் படமும் கீழே வட்ட முத்திரையும் இருந்து, வழக்கறிஞர் பதிவு எண் மட்டும் இல்லாவிட்டால், வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான, உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு அந்தப் பெயரை எழுதிக் கேளுங்கள். பதிவில் இல்லை என்று எழுத்தில் பதில் வந்தால் அதுவே உங்கள் முதல் சான்று. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்குக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 319ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. மிரட்டலுக்கு 351ஆம் பிரிவு தனி. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள், சாவியையும் கொடுக்காதீர்கள்.

மதுரை வாசகர்: வந்தவரிடம் பவர் பத்திரம் இருக்கிறதே?

பவர் பெற்றவர் உரிமையாளரின் முகவர். அதனால் வழக்கறிஞர் ஆகிவிட மாட்டார். பத்திர நகலைக் கேட்டு, வாடகை வாங்கும் அதிகாரம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

திருச்சி சட்ட மாணவர்: 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 45ஆம் பிரிவே போதுமே?

அந்தப் பிரிவு, உரிமையின்றி நீதிமன்றத்திலோ வேறு அதிகாரியிடமோ நபரிடமோ தொழில் செய்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை விதிக்கிறது. வாசலில் நோட்டீஸ் நீட்டுவது தொழில் செய்வதாகுமா என்பதே சிக்கல். வழக்காடுவதோடு ஆலோசனை சொல்வதும் ஆவணம் எழுதுவதும் சட்டத் தொழில்தான் என்று ஏ.கே. பாலாஜி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் கூறியது உங்கள் வாதத்துக்கு வலு சேர்க்கும். ஆனாலும் வாடகைதாரரின் புகார் அந்த ஒரு பிரிவை மட்டும் நம்பி நிற்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

வேலூர் வாசகர்: போலி வக்கீல் ஏழு நாள் கெடு வைத்திருக்கிறார்.

தாம்பரம் வாசகிக்குச் சொன்னதைப் படியுங்கள். சாவியைக் கொடுக்காதீர்கள்.

ஆவடி வாசகர்: தண்ணீரை நிறுத்திவிட்டார்கள்.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி வாடகை அதிகாரியிடம் இன்றே மனுக் கொடுங்கள்.

சேலம் வாசகி: எங்களுக்கு எழுத்து ஒப்பந்தமே இல்லை.

ஒப்பந்தம் எழுதாமல் விட்டதையே காரணமாகக் காட்டி உரிமையாளர் உங்களை வெளியேற்றக் கோரலாம் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அவர் அதைக் கோர வேண்டிய இடம் வாடகை நீதிமன்றம். உங்கள் வாசலில் நிற்பவர் உண்மையான வழக்கறிஞராகவே இருந்தாலும், அந்த நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற அவருக்கு அதிகாரமில்லை.