பொறியியல் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கட் ஆஃப் 200க்கு 165. நல்ல காலேஜ் எது கிடைக்கும் சார்? (நாமக்கல்)

வகுப்புப் பிரிவையும் (பி.சி., எம்.பி.சி. போன்றவை) எழுதவில்லை, எந்தப் பாடம் வேண்டும் என்றும் எழுதவில்லை. இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. கவுன்சலிங்கில் 400 கல்லூரிகளுக்கு மேல் இருக்கின்றன. முந்தைய ஆண்டுகளின் கட் ஆஃப், கல்லூரிவாரியாகவும் வகுப்புவாரியாகவும் டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு பொறியியல் மாணவர் சேர்க்கை) தளத்திலேயே கிடைக்கிறது. இரண்டு மூன்று வருடத்தையாவது பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நாக் 'ஏ பிளஸ்' இருந்தால் போதுமா? (கரூர்)

போதாது. இரண்டு தரச் சான்றுகள் உண்டு: நாக் கல்லூரி முழுமைக்கும் தருவது, என்.பி.ஏ. பாடப்பிரிவுக்குத் தருவது. உங்கள் பிள்ளை சேரப்போகும் பிரிவுக்கு என்.பி.ஏ. இருக்கிறதா, எந்த வருடம் வரை செல்லும் என்று பாருங்கள்.

'98 சதவீதம் பிளேஸ்மென்ட்' என்று ஊரெல்லாம் பேனர். நம்பிச் சேர்க்கலாமா? (தாராபுரம்)

பேனரை நம்பிச் சேர்க்காதீர்கள். வருடா வருடம் இதைத்தான் எழுதுகிறேன். எத்தனை பேரில் 98 சதவீதம்? அரியர் இல்லாமல், பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் வைத்திருப்பவர்களை மட்டும் 'தகுதியானவர்கள்' என்று பிரித்துக் கணக்குக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. 200 பேர் படிக்கும் இடத்தில் 80 பேர்தான் தகுதி என்றால், 78 பேருக்கு வேலை கிடைத்தாலே 98 சதவீதம் வந்துவிடும். மீதி 120 பேரின் பெற்றோரும் முழுக் கட்டணம் கட்டியவர்கள்தானே? ஒரே பையன் வாங்கிய மூன்று ஆஃபரை மூன்றாக எண்ணுவதும் நடக்கிறது.

அந்தக் கல்லூரி மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பித்திருந்தால், கொடுத்த விவரம் கல்லூரியின் இணையதளத்தில் பி.டி.எஃப்.ஆக இருக்க வேண்டும். முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, மீடியன் சம்பளம் எவ்வளவு என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். கல்லூரியே கொடுத்த கணக்குதான், இருந்தாலும் பேனரை விட ஆயிரம் மடங்கு மேல். மீடியன் 3 லட்சம் என்றால், வேலை கிடைத்தவர்களிலேயே பாதிப் பேர் அதற்கு மேல் வாங்கவில்லை. பேனரில் சிரிக்கும் 40 லட்சத்துக்காரர் ஒரே ஒருவர்.

அட்டானமஸ் (தன்னாட்சி) கல்லூரியில் தேர்ச்சி விகிதம் அதிகமாக இருக்கிறதே? (விருதுநகர்)

கேள்வித்தாள் எடுப்பதும் திருத்துவதும் அவர்கள் பொறுப்பு. பட்டம்தான் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. அதனால் அந்தத் தேர்ச்சி விகிதத்தை மற்ற கல்லூரிகளோடு ஒப்பிடாதீர்கள்.

ஒரே பெயரில் மூன்று கல்லூரி தெரிகிறது. எது சரி? (திண்டிவனம்)

பெயரைப் பார்க்காதீர்கள், கவுன்சலிங் கோடு எண்ணைப் பாருங்கள். விருப்பப் பட்டியலை இறுதி செய்யும் (சாய்ஸ் லாக்) முன் கோடு எண். அப்புறம் இன்னொரு தடவை கோடு எண்.

சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்களை வாங்கி வைத்துக்கொள்வார்களாமே? (அரியலூர்)

சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். பிடித்து வைக்க, உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் யு.ஜி.சி., தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. இரண்டுமே அனுமதிப்பதில்லை. கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும், கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்.